மருந்துச் சீட்டுக்கும் மாத்திரைக்கும் இடையே

அட்லாண்டாவில் மருந்தாளுநராக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க கறுப்பின இளைஞர் ஒருவர் எங்கள் கடையின் கவுன்டருக்கு வந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் தன் பெயரைச் சொன்னார். நாளுக்கு ஒன்றாக விழுங்க வேண்டிய எச்.ஐ.வி. மாத்திரைகள் அவருக்காகத் தயாராக இருந்தன. ஆனால் அவருடைய மருந்து உதவித் திட்டத்தின் காலம் முந்தைய மாதக் கடைசியோடு முடிந்துவிட்டதாகக் கணினி காட்டியது. கைக்காசு போட்டு வாங்குவதென்றால் மாதத்திற்கு மூவாயிரம் டாலருக்கு மேல் ஆகும். வரிசையில் அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். "பரவாயில்லை, பிறகு வருகிறேன்" என்று திரும்பியவரை அன்று ஏனோ நிறுத்தினேன். அதுவரை இப்படி வந்த எத்தனையோ பேரை, திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியவள்தான் நானும்.

அவர் பணப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அதன் பின்புறம் நீல மையில் ஒரு கைபேசி எண் எழுதப்பட்டிருந்தது. அது அவருடைய கேஸ் மேனேஜரின் எண், அதாவது நோயாளிக்குச் சிகிச்சையும் உதவித் திட்டங்களும் தடையின்றிக் கிடைக்கக் கூடவே இருந்து உதவும் பணியாளரின் எண். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களில் ஆற்றுப்படுத்துநர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பணியின் ஒரு பகுதி புரியும், மீதியெல்லாம் அலைச்சல். பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில், அந்த இளைஞர் என்னிடம் சொல்லத் தயங்கிய அனைத்தும், அவர் தலையசைத்துச் சம்மதித்த பிறகு, எனக்குத் தெரியவந்தது. வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு அத்தையின் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். புதுப்பிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது. புது முகவரிக்கு அவர் பெயரில் எந்தச் சான்றும் இல்லை. திங்கட்கிழமை தானே போய் அத்தையிடம் கடிதம் எழுதி வாங்குவதாகவும், அதுவரை தேவையான மாத்திரைகளைச் சிகிச்சை மையத்திலிருந்து அன்றிரவே கொடுத்துவிடுவதாகவும் கேஸ் மேனேஜரான அந்த அம்மையார் சொன்னார், சொன்னபடியே செய்தார்.

மாத்திரையை விடாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. ஆகவே அந்த அத்தையின் கடிதம் ஒருவருக்கான சிகிச்சையாகவும் மற்றவர்களுக்கான தடுப்பாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்தது என்றே சொல்வேன்.

இது என் உணர்ச்சிப் பேச்சு மட்டுமல்ல. அட்லாண்டா, பால்டிமோர், லாஸ் ஏஞ்சல்ஸ், மயாமி ஆகிய நகரங்களில், தொற்று இருப்பதை அண்மையில் அறிந்தவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையின் விவரங்களை மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினரே ஆறு மாதத்திற்குள் மருத்துவரிடம் சென்றார்கள். கேஸ் மேனேஜர் ஒருவர் மூன்று மாதத்திற்குள் அதிகபட்சம் ஐந்து முறை சந்தித்து உதவியவர்களில் 78 விழுக்காட்டினர் சென்றார்கள். புது மருந்து எதுவும் இல்லை. கூட ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

கறுப்பின இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுடைய நடத்தையில்தான் குறை என்ற முடிவுக்குப் பலர் எளிதாக வந்துவிடுகிறார்கள். நம்மவர் வீடுகளிலும் விருந்துகளிலும் அதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். ஆண்களோடு உறவு கொள்ளும் கறுப்பின ஆண்கள், அதே நிலையிலுள்ள வெள்ளையரைவிட ஆணுறையைக் குறைவாகப் பயன்படுத்துவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆயினும் ஆறு நகரங்களில் 1,553 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 30 வயதும் அதற்குக் குறைவுமான, தொற்றில்லாத கறுப்பின ஆண்களில் ஆண்டுக்கு 100 பேருக்கு ஏறத்தாழ 6 பேர் வீதம் புதிதாகத் தொற்றுக்கு ஆளானார்கள். காப்பீடின்மை, வீடின்மை, சிறைவாசம், மருத்துவமனையில் கிடைக்கும் அவமதிப்பு, தாமதமான பரிசோதனை ஆகியவை சேர்ந்துதான் இந்த எண்ணை உருவாக்குகின்றன. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை முழுமையாக விரிவுபடுத்தாத மாநிலங்களில் எங்கள் ஜார்ஜியாவும் ஒன்று என்பதை, கவுன்டரில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உணர்கிறேன்.

தடுப்பு மருந்தின் கதையும் இதுவே. தொற்று இல்லாதவர்கள் அது வராமல் தடுக்க எடுத்துக்கொள்ளும் பிரெப் மாத்திரை அமெரிக்காவில் 2012இல் அனுமதிக்கப்பட்டது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசி 2025இல் வந்துவிட்டது. ஆனால் எதுவானாலும் பரிசோதனை, காப்பீட்டு அனுமதி, விடுப்பு, பேருந்துச் செலவு ஆகியவற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ், வாஷிங்டன், சேப்பல் ஹில் ஆகிய இடங்களில் 226 கறுப்பின ஆண்களுக்கு கேஸ் மேனேஜர் போன்ற உதவியாளர்களின் துணையோடு பிரெப் வழங்க முன்வந்தபோது, ஐந்தில் நால்வர் அதை ஏற்றுக்கொண்டார்கள். "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்பவர்களுக்கு நான் சொல்லும் எண் இது. இத்தனை செய்யும் இந்தப் பணிக்கான நிதியைத்தான் சிக்கனம் பேசும்போது முதலில் குறைக்க நினைக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

அந்த இளைஞர் அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். இப்போதெல்லாம் அவருடைய உதவித் திட்டம் முடியும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே நான் அந்த அம்மையாரை அழைத்துவிடுகிறேன். சென்ற முறை அழைத்தபோது, அவரே முந்திக்கொண்டு, "விண்ணப்பம் போய்விட்டது, முகவரியும் மாறிவிட்டது, இப்போது அவர் பெயரிலேயே ஓர் அறை இருக்கிறது" என்றார்.