கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஒரு நாணய மாற்றுக் கடை. எனக்கு முன்னால் நின்ற அரபு இளைஞர் ஒரு தாளை நீட்டினார். லெபனான் பவுண்டு. ஒன்றுக்குப் பின்னால் ஐந்து சுழியம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பாய் அதைத் தொடக்கூட இல்லை. "இது எடுக்கிறதில்ல தம்பி" என்றார், தமிழிலேயே. அந்த இளைஞருக்கும் புரிந்துவிட்டது.

லெபனானின் 2019 பொருளாதார நெருக்கடிக்கு முன்பு அந்தத் தாளுக்கு 66 டாலர். இன்று ஒரு டாலர் சொச்சம்.

லெபனானுக்கு உதவ ஆளில்லாமல் இல்லை. 2018 ஏப்ரலில் பாரிஸ் மாநாட்டில் 1,100 கோடி டாலர் வாக்குறுதி, சீர்திருத்தம் செய்தால். மே மாதம் தேர்தல். அமைச்சரவை அமையவே அடுத்த ஜனவரி ஆகிவிட்டது!

2022 ஏப்ரலில் ஐஎம்எஃப் எனும் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலருக்கு அதிகாரிகள் மட்டத்தில் தலையசைத்தது. அக்டோபரில் அதிபர் நாற்காலி காலி. நிரம்பியது 2025 ஜனவரியில்.

இதற்கிடையில் பெய்ரூட்டில் ஒரு பெண், வங்கியில் முடங்கிய தன் சேமிப்பை எடுக்கவே பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போனார்.

இலங்கையைப் பாருங்கள். 2022 ஜூலையில் அதிபர் நாட்டைவிட்டே ஓடினார். ஒரு வாரத்தில் நாடாளுமன்றம் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது, செப்டம்பரில் ஐஎம்எஃப் உடன்பாடு. அவரைப் பிடிக்குமா என்பது வேறு கதை. வாட் வரி 18 சதவீதமாகி சாமானியர் தலையில் விடிந்தது என்பதும் உண்மைதான்.

ஆனாலும் கையெழுத்துப் போட அங்கே ஓர் ஆள் இருந்தார்.

லெபனானில் வங்கிகளின் நட்டம் சுமார் 7,000 கோடி டாலர். அதை யார் தலையில் கட்டுவது என்று சொன்னால் ஓட்டும் போகும், நண்பர்களும் போவார்கள். அந்த இழுபறி சில பெரிய மனிதர்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.