அந்தப் பாட்டில் யாராவது பாடுவார்களா?

பெரியம்மா பையன் கல்யாண ரிசப்ஷன்களில் டிஜே. எனக்கும் சொல்லிக்கொடு அண்ணா என்றதும் லேப்டாப்பில் மாட்டி பாட்டுகளைக் கலக்கும் பழைய கன்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளத்தைச் சேர்ப்பதுதான் முதல் பாடம். வைத்த கையோடு லேப்டாப் திரையில் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு) தெரியும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினான். தாளத்தைத் தானாகவே சேர்த்துவிடும் சிங்க் பட்டன் மேலும் ஒரு துண்டு.

"1979ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்டு பிளேயர்ல என்ன திரையா இருந்துச்சு? ஒரு ஸ்லைடர். வேகத்தைக் கூட்ட 8 சதவீதம், குறைக்க 8 சதவீதம். காதை வெச்சுக் கேளு."

கேட்டேன். ஒரு காதில் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு, மறு காதில் ஹெட்போனில் அடுத்த பாட்டு. இரண்டு பாட்டின் கிக் டிரம் அடியும் சேர்ந்து விழுந்தால் ஒரே 'டும்'. விலகினால் 'டுடும்'. விலகுவது நன்றாகவே கேட்கிறது. எது முந்துகிறது என்பதுதான் தெரிந்து தொலைய மாட்டேன் என்கிறது. ஒன்று 125 பிபிஎம், இன்னொன்று 126 என்றால் அரை நிமிடத்தில் ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் போய் உட்கார்ந்துவிடும். கன்ட்ரோலரில் பாட்டை முன்னே பின்னே நகர்த்தும் வட்டமான ஜாக் வீலைத் தட்டிச் சேர்த்துவைத்தாலும், ஸ்லைடரில் வேகம் சரியாகாதவரை மறுபடி நழுவும். அதற்கு அண்ணனின் வைத்தியம்: "ஏதாவது ஒரு பக்கம் தள்ளு. மோசமானா அந்தப் பக்கம் தள்ளு." அரசியலில்கூட இவ்வளவு வெளிப்படையான கொள்கையைக் கேட்டதில்லை.

ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும்தானே சேர்க்கிறோம்? இந்தப் பாட்டுகளில் அந்த இரண்டு இடத்திலும் தாளம் மட்டும்தான். அதனால் வீட்டில் நாள் முழுக்க வெறும் டிரம். அடுப்படியிலிருந்து அம்மா, "ஏண்டி, அதுல யாராச்சும் பாடுவாங்களா, மாட்டாங்களா?"

தம்பிக்கும் பொறுக்கவில்லை. டேப்பை உரித்து சிங்க்கை அமுக்கினான். ஒரே சீரான வேகத்தில் ஓடும் ஹவுஸ் வகை நடனப் பாட்டு இரண்டும் பிசிறில்லாமல் சேர்ந்தன. எனக்கு எரிச்சல். அந்தத் தெம்பில், அப்பாவுக்குப் பிடிக்குமே என்று 1980களின் சினிமாப் பாட்டு ஒன்றையும் இழுத்துப் போட்டான். அது ஸ்டுடியோவில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தது. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் கொஞ்சம் உற்சாகம். மென்பொருளோ முழுப் பாட்டுக்கும் ஒரே வேகம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது. சரணம் வந்ததும் இரண்டு தாளமும் ஆளுக்கொரு பக்கம். அப்பா மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார், எந்தத் தாளத்துக்கோ!

காலிங் பெல். கீழ்வீட்டு ஆன்ட்டி. "உங்க வாஷிங் மெஷின் கால் ஆடுது போல. எங்க மெக்கானிக் நம்பர் தரட்டுமா?"

அம்மா வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.