கழிப்பறை கட்டப் பணம் உண்டு, கழுவ ஆள் வைக்கப் பணம் இல்லை

பிப்ரவரி பிறந்துவிட்டால் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு தனிப் பருவம் ஆரம்பித்துவிடும். அதுவரை எத்தனை மெயில் போட்டாலும் பதில் சொல்லாத கம்பெனிக்காரர்கள் அவர்களாகவே போன் பண்ணி, "சார், மார்ச் 31க்குள்ள முடியிற மாதிரி ஏதாவது புராஜெக்ட் இருக்கா?" என்று கேட்பார்கள். ஐந்தாறு வாரத்தில் என்ன முடியும்? பெஞ்சு வாங்கிப் போடலாம், ஆர்.ஓ. மெஷின் வைக்கலாம், சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம், ஸ்மார்ட் போர்டு மாட்டலாம். ஒரு பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வருவதும் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தசோகை குறைவதும் நிதியாண்டு பார்த்து நடக்காதே.

இந்த அவசரத்துக்குக் காரணம் சட்டம்தான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே அந்தக் கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறோம். முதலில் எல்லாம் செலவு செய்யாவிட்டால் ஆண்டறிக்கையில் காரணம் எழுதினால் போதும், விட்டுவிடுவார்கள். 2021 ஜனவரிக்குப் பிறகு அப்படி முடியாது. தொடர் திட்டத்துக்கு ஒதுக்கி மீந்த பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும், மற்ற மீதி அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சொல்லியிருக்கும் நிதிகளுக்குப் போய்விட வேண்டும், தவறினால் அபராதம். அதனால்தான் மார்ச்சில் இந்த ஓட்டம்.

சரி, மொத்தம் எவ்வளவு பணம்? நாடு முழுக்க ஆண்டுக்கு 25,000 கோடிக்கு மேல் போகிறது, அதில் பெரும்பங்கு கல்விக்கும் மருத்துவத்துக்கும். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் தமிழ்நாடு அரசு 2024-25 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு மட்டும் ஒதுக்கியது 44,042 கோடி. இந்தியாவின் அத்தனை கம்பெனிகளும் சேர்ந்து எல்லாத் துறைக்கும் கொடுப்பதைவிட, ஒரே ஒரு மாநிலம் ஒரே ஒரு துறைக்குச் செலவிடுவது அதிகம். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் சிஎஸ்ஆர் பணத்தால் எது முடியும், எது முடியாது என்பது தெளிவாகிவிடும். அரசாங்கம் செய்ய வேண்டியதை அதற்குப் பதிலாகச் செய்ய இந்தப் பணம் காணாது. அரசாங்கம் ஏற்கெனவே ஒதுக்கியிருப்பது யாருக்குப் போய்ச் சேராமல் நிற்கிறதோ அவர்கள் வீட்டு வாசல்வரை அதைக் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும் இது தாராளமாகப் போதும். நம் கம்பெனிகள் முதலாவதைத்தான் விரும்பிச் செய்கின்றன.

பள்ளிக் கழிப்பறைகளின் கதையைப் பாருங்கள். 2014க்குப் பிறகு மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 1.4 லட்சம் கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்குக் காட்டின. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்து, 2020இல் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. சில கழிப்பறைகள் தாளில் மட்டும்தான் இருந்தன. கட்டியிருந்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை, 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை. பொதுத்துறையே இப்படி என்றால் தனியார் கட்டியதை யார் போய் எண்ணப் போகிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அப்படி ஒன்று இருக்கிறது. நல்ல டைல்ஸ், வெஸ்டர்ன் ஒன்று இந்தியன் மூன்று, வாசலில் கருப்புக் கிரானைட் கல்வெட்டு. கதவில் பூட்டு, சாவி ஹெச்.எம். மேசை டிராயரில். மோட்டார் காயில் எரிந்துபோய் வருடக்கணக்காகிறது, கழுவ ஆள் கிடையாது, திறந்துவிட்டால் இரண்டே நாளில் நாறிவிடும் என்பதால் பூட்டியே வைத்திருக்கிறார்கள். அந்த ஹெச்.எம்.மை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பையன்கள் கருவேலங்காட்டுக்குப் போகிறார்கள், பெரிய பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்கிறார்கள்.

கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் என்று திட்ட வரைவில் ஒரு வரி போட்டால் முதலில் அடிபடுவது அந்த வரிதான். "சம்பளமா? அது ஓவர்ஹெட் சார், 5 சதவீதத்துக்கு மேல விதி அனுமதிக்காது" என்பார்கள். விதி சொல்வது வேறு. 5 சதவீத உச்சவரம்பு, சிஎஸ்ஆர் வேலைக்காக அந்தக் கம்பெனி தன் சொந்த அலுவலகத்தில் செய்துகொள்ளும் நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தைக் களத்தில் நடத்துவதற்கு நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. இதைக் கம்பெனி விவகாரங்கள் அமைச்சகமே 2021இல் கேள்வி பதிலாக வெளியிட்டிருக்கிறது. அந்த பிடிஎஃப்பைப் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். படிப்பார்கள், "ஆனா ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார் சார்" என்பார்கள். அந்த ஆடிட்டரை நான் இதுவரை பார்த்ததே இல்லை!

இப்போது இன்னொரு மாதிரி வேலையைப் பாருங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கம் இருளர் குடும்பங்களுக்குப் பெரிய சிக்கல் சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதைத் தாசில்தார் கொடுக்க முடியாது, ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுடைய சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பா ரைஸ் மில்லிலோ செங்கல் சூளையிலோ கடனுக்குக் கொத்தடிமையாகக் கிடந்தவர், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், அவரிடம் ஏது சான்றிதழ்? அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை, கல்லூரியில் ஒதுக்கீடு இல்லை. சட்டத்தில் எல்லாம் இருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை.

இதற்குத் தேவைப்படுவது ஒரு களப்பணியாளர், அதுவும் அந்தச் சமூகத்துப் பெண்ணாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாலித்தீன் கவர் வைத்திருக்கிறார். அதில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், வாக்காளர் அட்டை, போட்டோ, எந்த உறவுக்காரருக்கு எந்த ஊரில் சான்றிதழ் கிடைத்தது என்று கையால் போட்ட வம்சாவளி, போன மனுவின் ரசீது எல்லாம் இருக்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போவார், நடுவில் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணைக்கு வருகிற நாளில் யாரும் வேலைக்குப் போய்விடாமல் பிடித்து வைப்பார். பஸ் டிக்கெட், ஜெராக்ஸ், அவருடைய சம்பளம், அவ்வளவுதான் செலவு. ஒரு சான்றிதழ் கைக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்குப் பல வருடங்களுக்கு அரசாங்கப் பணம் வரும். ஆனால் கல்வெட்டு வைக்க இதில் இடம் இல்லை பாருங்கள்.

பொது நிர்வாகம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதும் எனக்கு இந்த மாதிரி வேலைதான். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். இங்கே குழுவுக்கு 24 பேர். அதில் இருக்கும் அம்மாக்களுக்குத் தீர்மானம் எப்படி எழுதுவது, கிராம சபையில் அதை எப்படி வைப்பது என்று யாராவது கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தால், அந்த மோட்டார் காயில் எரிந்து இத்தனை வருடம் கிடந்திருக்காது.

மருத்துவத்திலும் கட்டடம் தேவைப்படாத நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்து ஆய்வு செய்தார்கள், 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. வெறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை! இதைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகும். மாதாமாதம் தவறாமல் கொடுக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

அப்புறம் இட விஷயம். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கே முன்னுரிமை என்று சட்டம் சொல்வதால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுப் பள்ளிகளைத் தேடிக் கம்பெனிகள் வரும். ராமநாதபுரத்தில் உள்ள பள்ளிக்கு யார் வருவார்கள்? அந்த மாவட்டமும் விருதுநகரும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் இருப்பவை.

எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி இல்லை. ஒரு கம்பெனி அதிகாரி ஒருநாள் முழுக்க அந்த அக்காவோடு வெயிலில் சுற்றிப் பார்த்துவிட்டு, களப்பணியாளர்களின் சம்பளத்தை மூன்று ஆண்டுத் தொடர் திட்டமாகவே போட்டுக்கொடுத்தார். போர்டு எங்கே மாட்டுவது என்று மேலிடத்தில் கேட்டார்களாம், களப்பணியாளர்கள் மாட்டிக்கொள்ளும் பையில் லோகோ அச்சடித்துச் சமாளித்தோம். மூன்றாம் ஆண்டு இந்த மார்ச்சோடு முடிகிறது. அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், புதிதாக வந்திருப்பவருக்கு ஸ்டெம் லேப் (அறிவியல், கணித ஆய்வகம்) என்றால் ரொம்பப் பிரியம் என்று கேள்வி. அடுத்த வாரம் பார்க்கப் போகிறோம்.