நேர்ந்துவிட்ட கிடா ஏன் ஆளை முட்டுகிறது?

பங்குனி, சித்திரை, ஆடி என்று கோயில் கொடை அடுத்தடுத்து வரும் நெல்லைச் சீமையில், சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட செம்மறிக் கிடா ஒரு தெருவையே ஆட்டிவைப்பது புதிதல்ல. "துடியான சாமிக்கு விட்டது, துடியாத்தான் இருக்கும்" என்பார்கள். அது வளர்ந்த விதத்தைப் பார்த்தால் சாமியை இழுக்க வேண்டியதில்லை.

நேர்ச்சைக் கிடாவைப் பெரும்பாலும் காயடிப்பதில்லை. ஐந்தாறு மாதத்தில் விதை பெருத்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும். கழுத்து தடிக்கும், மோதத் தோன்றும். இதன் அடிப்படை 1849-லேயே தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து உடலியல் அறிஞர் பெர்டோல்ட், சேவல் குஞ்சுகளின் விதையை எடுத்தார். கொண்டை சுருங்கியது, கூவல் போனது, சண்டையும் போனது. விதையை வயிற்றுக்குள் திரும்ப வைத்த குஞ்சுகளோ முழுச் சேவலாக வளர்ந்து கூவின, மோதின. பழைய நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் இது நடந்தது. விதை எதையோ ரத்தத்தில் விடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் கயத்தாறு பக்கம் மந்தையில் மேயும் கிடாவுக்கும் அதே ஹார்மோன்தான். அது சக கிடாவை முட்டும்; மேய்ப்பவரை முட்டுவது அபூர்வம். மோத வைப்பது ஹார்மோன். யாரோடு மோதுவது என்பதைக் குட்டிப் பருவம் முடிவு செய்கிறது. தாயில்லாமல் வீட்டுக்குள் தனியே வளர்ந்த குட்டிக்கு மனிதர்தான் மந்தை. காளைக்கன்றுகளிலும் இதையே பார்த்திருக்கிறார்கள்: கூட்டமாகப் புட்டிப்பால் குடித்தவை அவ்வளவு மோசமில்லை, தனியே அடைத்துப் புட்டிப்பால் கொடுத்தவைதான் ஆள்மேல் பாய்ந்தன. ஆகவே குற்றம் புட்டியில் இல்லை, தனிமையில்.

தாயில்லாத இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் கால் லிட்டர் சீம்பால் போக வேண்டும், அதில் பாதி முதல் ஆறு மணி நேரத்துக்குள். பிறகு புட்டியை நீட்டுங்கள், ஆனால் பட்டியில் மற்ற குட்டிகளோடு விட்டு நீட்டுங்கள். பிள்ளைகள் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி விளையாடுவார்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும். செம்மறிக்கு அது விளையாட்டல்ல, சண்டைக்கு அழைப்பு. அது முட்ட, பிள்ளை ஓட, கிடாவுக்கு ஒரு வெற்றி. வென்ற விலங்கு அடுத்த மோதலுக்கு இன்னும் துணிந்து வரும். தடவிக் கொடுக்க வேண்டுமானால் தாடைக்கு அடியில் தடவலாம்.

நேர்ச்சை இல்லாத குட்டியை இரண்டு மூன்று மாதத்தில் பர்டிசோ என்ற இடுக்கி கொண்டு காயடிக்கலாம். விதை நரம்பை, அதாவது விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் வடத்தை, ஒவ்வொன்றாக, சற்று மேலும் கீழுமாக நசுக்க வேண்டும். விதைப்பையின் குறுக்கே முழுக்க நசுக்கினால் ரத்த ஓட்டம் நின்று பை அழுகிவிடும். நரம்பு நழுவினால் அந்தப் பக்கத்து விதை பிழைத்துக்கொள்ளும். ஒன்றரை மாதம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், சுருங்கியிருக்க வேண்டும். இரண்டு வயதில், முட்டிப் பழகிய பிறகு காயடித்தால் வேகம் குறையும். பழக்கம் முழுசாகப் போகாது.

பழகிவிட்ட கிடா எதிரே வந்தால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழும்பி அடிக்கும். செம்மறிக்கோ பின்வாங்கி ஓடிவர இடம் வேண்டும். நெருங்கி அதன் தோளோரம் நின்று தாடையைத் தூக்கிப் பிடித்தால் அதற்கு ஓட்டம் கிடைக்காது. புதுக் கிடாவை மந்தையில் சேர்க்கும்போது எல்லாக் கிடாக்களையும் ஒரு நாள், இரண்டு நாள் நெருக்கமான பட்டியில் அடைப்பதும் இதற்காகத்தான்.