தையூ புதைத்த பூக்கள்

சாவ் ஷுவேச்சின் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற சீன நாவலை இரண்டாம் முறை படித்து முடித்தேன். முதல் முறை, யார் யாருக்கு அத்தை, யார் யாருடைய பணிப்பெண் என்று தாளில் குறித்து வைத்துக்கொண்டே படித்ததில் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. இந்த முறை ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து பிடித்துக்கொண்டது. சுத்தம்.

இந்த நாவலின் குறியீடுகள் என்றாலே நாயகன் பாவ்யூ வாயில் வைத்துக்கொண்டு பிறந்த பச்சைக்கல், அவனுடைய உறவுக்காரப் பெண் பாவ்சாயின் தங்கப் பதக்கம், பின்பக்கம் எலும்புக்கூடு தெரியும் கண்ணாடி என்று ஆரம்பிப்பார்கள். அவை முக்கியம்தான். ஆனால் எனக்கு எல்லாவற்றையும் கோக்கும் நூலாகத் தெரிவது 23-ஆம் அத்தியாயத்தில் ஓடைக்கரையில் நடக்கிற ஒரு சின்னப் பேச்சு.

பாவ்யூ மரத்தடியில் படித்துக்கொண்டிருக்கிறான், காற்றில் பீச் பூக்கள் அவன் மேலும் புத்தகத்தின் மேலும் கொட்டுகின்றன. கால் பட்டு நசுங்கக் கூடாதே என்று அள்ளி ஓடையில் விடுகிறான். அப்போது தோளில் மண்வெட்டி, அதில் தொங்கும் பை, கையில் துடைப்பம் என்று அவனுடைய அத்தை மகள் தையூ வருகிறாள். தண்ணீரில் விடாதே என்கிறாள். இங்கே தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, வெளியே ஓடிப்போய் ஆட்கள் குடியிருக்கும் பக்கம் சேர்ந்ததும் கண்ட அழுக்கும் கலந்து பூ பாழாகிவிடும், பட்டுப் பையில் போட்டுப் புதைத்தால் நாளடைவில் மண்ணோடு மண்ணாகிவிடும், அதுதான் சுத்தம் என்கிறாள்.

முதல் தடவை இதை ஒரு மென்மையான பெண்ணின் செல்ல வழக்கம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பாவ்யூ சொன்னதாக ஒரு வாக்கியம் வருகிறதே, பெண்கள் தண்ணீரால் ஆனவர்கள், ஆண்கள் சேற்றால் ஆனவர்கள் என்று. அதை நினைவில் வைத்துக்கொண்டு ஓடைக்கரைக்குத் திரும்பினால் நெஞ்சு கனக்கிறது. அந்த ஓடை ஓடும் தோட்டம், அரசரின் துணைவியாகிவிட்ட அக்கா யுவான்சுன் ஒரே ஒரு முறை பிறந்த வீட்டுக்கு வந்துபோவதற்காகக் கட்டியது. அப்புறம் அவள் உத்தரவின் பேரில் பாவ்யூவும் பெண்களும் அங்கே குடியேறுகிறார்கள். சுவருக்குள் இருக்கும் வரை தண்ணீர் சுத்தம். வெளியே போய்த்தான் ஆக வேண்டும், கல்யாணமாகவோ சாவாகவோ. அங்கிருப்பவர்களில் தையூ ஒருத்திதான் அதைத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

நான் படித்தது டேவிட் ஹாக்ஸும் ஜான் மின்ஃபோர்டும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. சந்தேகம் வந்து சீன மூலத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். தையூ சொன்ன சுத்தத்துக்குச் சீனத்தில் 'கான்ஜிங்'. 66-ஆம் அத்தியாயத்தில் பாவ்யூவின் நண்பன் லியூ ஷியாங்லியன் கோபத்தில் அவனிடம், உங்கள் குடும்பத்தின் கிழக்கு மாளிகையில் வாசலில் நிற்கும் இரண்டு கல் சிங்கங்களைத் தவிர எதுவும் சுத்தமில்லை என்கிறானே, அங்கேயும் அதே சொல்.

மியாவ்யூவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். துறவுக் கோலத்தில் தோட்டத்துக்குள் இருப்பவள். ஏழைக் கிராமத்துப் பாட்டி லியூ வாய் வைத்துக் குடித்தாள் என்பதற்காக விலைமதிப்பற்ற பீங்கான் கோப்பையை உள்ளே எடுத்துவர வேண்டாம் என்கிறாள். தரையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவரும் பையன்கள்கூட வாளியை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் பாவ்யூ காணும் கனவில் அவளுக்கென்று எழுதியிருக்கும் விதி, சேற்றில் விழுவாள் என்பது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அதற்கு நேர் எதிராக சிங்வென். எந்தத் தப்பும் செய்யாமல், அழகாக இருந்த ஒரே குற்றத்துக்காக நோயோடு துரத்தப்பட்ட பணிப்பெண். பாவ்யூ ரகசியமாகப் பார்க்கப் போகிறான். தேநீர் இருக்கும் பானை கரி பிடித்திருக்கிறது, கிண்ணத்தில் எண்ணெய் நாற்றம். அவன் கழுவி ஊற்றிக் கொடுக்கிறான், அவள் அமிர்தம் போலக் குடிக்கிறாள். கோப்பை காட்சியையும் இதையும் அடுத்தடுத்து படித்துப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில், சொத்தெல்லாம் பறிமுதலாகி நொடித்துப்போன குடும்பத்தில் வளர்ந்த சாவ் ஷுவேச்சினுக்கு அழுக்குக் கிண்ணம் எப்படி நாறும் என்று தெரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

கடைசி 40 அத்தியாயங்கள் 1791-இல் செங் வெய்யுவானும் காவ் அவும் அச்சிட்ட பதிப்போடு வந்தவை, அவை சாவ் ஷுவேச்சின் எழுதியவை அல்ல என்பவர்கள் நிறையப் பேர். எனக்கும் அந்தப் பகுதி பல இடங்களில் தொய்வாகத்தான் படுகிறது. ஆனாலும் 98-ஆம் அத்தியாயத்தில் சாகக் கிடக்கும் தையூ, என் உடம்பு சுத்தமானது, என்னை ஊருக்கே அனுப்பி வைக்கச் சொல் என்று பணிப்பெண்ணிடம் கேட்கும்போது, எழுதியது யாராக இருந்தாலும் ஓடைக்கரையை மறக்கவில்லை என்று தெரிகிறது. அதே கான்ஜிங். பாட்டி வீட்டில் அண்டி வாழ்ந்த பெண், அந்தத் தண்ணீரோடு போக மாட்டேன் என்கிறாள்.

ஐந்தாம் அத்தியாயத்துப் பாட்டு முடிவதும் அந்தச் சொல்லில்தான்: பறவைகள் காட்டுக்குப் போய்விடும், மிஞ்சுவது வெள்ளை வெளேரென்ற, சுத்தமான நிலம். 120-ஆம் அத்தியாயத்தில் அப்பா ஜியா ஜெங் படகில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியே பனி கொட்டுகிறது. வெறுங்காலோடு, சிவப்புப் போர்வையோடு ஒருவன் வந்து நான்கு முறை விழுந்து வணங்குகிறான். பாவ்யூதான். அவர் எழுந்து பின்னாலேயே ஓடுகிறார். பனி மட்டும்தான் இருக்கிறது.