கூஸ் வாத்துக் குஞ்சு: முதல் வாரம்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சை முதலில் மல்லாக்கப் போடுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் தானே புரண்டு எழுந்தால் நல்ல குஞ்சு. அடுத்து தொப்புள். மூடி, காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக, சிவந்து, நாற்றம் அடித்தால் தொப்புள் தொற்று. அதைத் தனியே பிரித்துவிடுங்கள், பெரும்பாலும் தேறாது.

முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பம், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளை நம்பலாம்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு.

செய்தித்தாள் விரிக்கவே விரிக்காதீர்கள். வழுக்கி, கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். சாக்கு போதும்.

குடிக்க வைக்கும் தண்ணீரில் மூக்குத் துவாரம் முங்க வேண்டும், உடம்பு முங்கக் கூடாது. நனைந்த குஞ்சு விறைத்துச் செத்துவிடும்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது தீவனத்தில்தான். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இருக்கும் நியாசின் (வைட்டமின் B3) கூஸ் குஞ்சுக்குப் பற்றாது. கணுக்கால் மூட்டு வீங்கும், கால் வளையும், குஞ்சு உட்கார்ந்தே கிடக்கும். தீவனத்தில் நியாசின் நிறைந்த ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்ட்டின் உலர்ந்த தூள்) கலந்து கொடுங்கள். கால் வளைந்த பிறகு திருத்துவது கஷ்டம். மருந்தடிக்காத இளம்புல்லைப் பொடியாக நறுக்கி முதல் நாளிலிருந்தே வைக்கலாம்.