யானை சுமந்துட்டு வந்த ஷெய்கு

எங்கட வீடு மஸ்கெலியா பக்கம், மழை இல்லாத காலையில முன்வாசல்ல நிண்டா பாவாதமலை (சிவனொளிபாதமலை) நல்லாத் தெரியும். ரபீஉல் ஆகிர் மாசம் பொறந்தா வீட்டுல முஹியித்தீன் ஆண்டவர் பேர்ல மௌலித்ன்ட புகழ்ப்பாட்டு ஓதுவாங்க, பதினோராவது நாள் நார்சா, எல்லாருக்கும் குடுக்குற சாப்பாடு, சின்ன வயசுல எனக்கு வலிமார்ன்டா, அதான் இறைநேசர்கள், அந்த நெய்ச்சோத்து வாசமும் அவங்கட கறாமத்து (அற்புத) கதைகளும்தான். உம்மும்மாவோட பலாங்கொடைக்கு அங்கால ஜெய்லானில வலிமார் பேர்ல நடக்குற கந்தூரி விழாவுக்கும் போயிருக்கேன்.

அந்தக் கதைகள்ள ஒண்டு எங்கட மலைக் கதை. 1344ல இலங்கைக்கு வந்து பாவாதமலை ஏறின மொரோக்கோ பயணி இப்னு பதூதா சொன்னது. 982ல வபாத்தான (காலமான) ஈரான் ஷீராஸ் ஊர் ஷெய்கு (ஞான குரு) இப்னு கபீப், ஒரு முப்பது பக்கீர்மாரோட (துறவிகளோட) இந்த மலைக்கு வாறாங்க, வழி தவறி, பசி தாங்க ஏலாம கூட வந்தவங்க யானைக்குட்டி ஒண்ட அறுத்துத் திங்கப் பாக்குறாங்க, ஷெய்கு வேணாம்ன்டு தடுத்தும் கேக்கல்ல. ராத்திரி யானைக் கூட்டம் வந்து ஒவ்வொருத்தரா மோந்து பாத்து, தின்னவங்கள எல்லாம் கொன்னு போட்டுட்டு, ஷெய்க மட்டும் தும்பிக்கையால தூக்கி முதுகுல வெச்சி ஆளுங்க இருக்குற இடத்துல உட்டிச்சாம்.

அந்த வயசுல எனக்கு யானை முதுகுதான் பெருசு. இப்ப நெனச்சா, வயிறு காஞ்சி கெடக்க, முன்னால கறி வேகுற நேரம் கை நீட்டாம இருந்தாங்களே, அதுக்குத்தான் எனக்கு மேல் சிலுக்குது.

வலின்டா நெருங்கினவர், நேசர், பொறுப்பாளி. நிக்காஹ்ல பொண்ணுக்கு வலி யாருன்டு கேக்குறோமே, அதே சொல்லுதான். குர்ஆன்ல யூனுஸ் சூராவுல 62வது ஆயத்து (வசனம்) அல்லாஹ்ட நேசர்களுக்குப் பயமும் இல்ல கவலையும் இல்லன்டு சொல்லுது, அவங்க யாருன்டா, அடுத்த ஆயத்துல ஈமானும் (நம்பிக்கையும்) தக்வாவும் (இறையச்சமும்) உள்ளவங்க, அவ்வளவுதான், தண்ணில நடக்கணும்ன்டு அங்க ஒண்டும் இல்ல. கறாமத்து உண்மைன்டு சொன்ன சூபி அறிஞர் இமாம் குஷைரியே (1072ல வபாத்) கறாமத்து வெளிப்படாட்டி ஒருத்தர் வலி இல்லன்டு ஆகாதுன்டு எழுதி வெச்சிருக்காங்க. தான் வலின்டு ஒருத்தருக்குத் தெரிய வருமா வராதான்டு கூட அந்தக் காலத்து ஷெய்குமாருக்குள்ள பேச்சு இருந்திருக்கு.

இத வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான், உம்மாட வாப்பா, தோட்டத்துக்குப் பக்கத்துல சில்லறைக் கடை வெச்சிருந்தவங்க. ஒவ்வொரு தரமும் சாமான் நிறுக்க முன்னால தோள்ல கெடக்குற துண்டால தராசுத் தட்டத் தொடப்பாங்க, முதல் நிறுத்த கோதும மா ஒட்டிட்டு இருந்தா அடுத்து வாறவங்களுக்கு அந்தளவு கொறஞ்சி போகும்ன்டு. கொழுந்து எடுத்துட்டு நனைஞ்சி வாற அக்காமார் வரிசையா நிப்பாங்க, "தொடச்சது போதும் தொர, குடுங்க"ன்டு சத்தம் போடுவாங்க, அப்பா ஒண்டும் பேச மாட்டாங்க, கடைசி ஆள் வரைக்கும் தொடச்சிட்டுத்தான் நிறுப்பாங்க. அப்பாவ வலின்டு நான் சொல்ல வரல்ல, அது அல்லாஹ்வுக்குத் தெரிஞ்ச விசயம்.

அந்தத் தராசு இப்ப மாமாட வீட்டு ஸ்டோர்ல கெடக்கு. பெருநாளைக்குப் போனா எடுத்து வரணும்.